ஒரு வளவு தள்ளி

லுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும், நான் கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிக்குப் புறப்படுகிற நேரம் பார்த்துத்தான் நிஸ்தார் மச்சானின் வீடியோ வந்து விழும். ஒரு கையில் பூட்டு, மறு கையில் திறப்புக் கோர்வை, சட்டைப் பைக்குள் போன் கத்துகிறது. பார்க்காமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் குரலும் வந்துவிடும். "என்ன மச்சான், பாக்கேல்லையா? மலை மச்சான், மலை! பாத்திட்டுச் சொல்லு."

பார்க்காமல் எங்கே போவது? கல் வீடுகள் அடுக்கிய ஒரு சின்ன ஊர். ஸ்பெயின் நாட்டில் எங்கேயோ இருக்கிறது. பெயரை மச்சான் நாளுக்கொரு மாதிரிச் சொல்லுகிறார், அதனால் எழுதாமல் விடுகிறேன். ஊருக்குப் பின்னால் மலை, முன்னால் ஆறு, ஆற்றின் மேல் ஒரு மரப்பாலம். பாலத்தின் நடுவில் மருமகனின் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, கைக்கொரு கம்போடு மச்சான். தள்ளாடுகிற வயது இல்லை. அங்கே எல்லாரும் இரண்டு கம்போடுதான் நடப்பார்களாம்.

"இங்க சும்மா நடக்கிறதுக்கெண்டே பாதை போட்டு வெச்சிருக்கிறாங்கள் மச்சான். ஆத்தோரத்தால ஒண்டு, மலைக்கு ஒண்டு. கல்லுக் கல்லாப் பெயின்ற் அடிச்சிருக்கு. சந்திக்குச் சந்தி பலகை. எத்தனை மணித்தியாலம் எண்டும் போட்டிருக்கு. பிழையான பக்கம் திரும்பினா அங்க ஒரு புள்ளடி! இங்கால வராத எண்டு."

புள்ளடியையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஒரு பாறையில் மஞ்சளும் வெள்ளையுமாக, ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு இரண்டு கோடு. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரம் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்து முடிக்கும் வரைக்கும் ஆறவில்லை. வழி தவறுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருப்பார்கள். ஆனால் ஒரு முழு ஊரும் ஒரு வீட்டு வளவு தள்ளிக் குடியேறுவதற்குக் காரணமாக இருந்த மனிதர், இன்றைக்குக் கம்பை ஊன்றி நின்றுகொண்டு எனக்குப் புள்ளடி காட்டுகிறார்.

கொஞ்சம் பொறுங்கள், ஆறுதலாகச் சொல்கிறேன். நிஸ்தார் மச்சான் என் ஒரே ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். அவர்களுடைய மகளும் மருமகனும் அந்தச் சின்ன ஊரில் இருக்கிறார்கள். மருமகனுக்கு அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. மகளின் முதல் பேறுக்கு ராத்தா போய் மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டா. "நல்ல சனம்தான். ஆனா ஒருத்தரும் படலையில நிண்டு கதைக்கிறதில்ல. எனக்கு வாய் பூஞ்சணம் பிடிச்சிட்டுது" என்றா. இரண்டாவது பேறுக்கு, உதவிக்கென்று மச்சான் போனார். பிள்ளையைத் தூக்கப் போன ஆள் மலை ஏறிக்கொண்டிருக்கிறார். உதவி எந்த மட்டில் என்று மகளிடம் கேட்டேன். "வாப்பா வீட்டில இல்லாததே உதவிதான் மாமா" என்றாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்; மிச்சப் படிப்பெல்லாம் சனம் கதைப்பதைக் கேட்டுப் படித்ததுதான். இப்படி ஒரு வசனம் கிடைத்தால் அன்றைக்கு வியாபாரம் இல்லாவிட்டாலும் எனக்குப் பரவாயில்லை.

மலை என்ற சொல்லை எங்கள் பக்கத்துச் சனம் கொஞ்சம் தாராளமாகப் பாவிக்கும். மன்னார்த் தீவில் நின்று அண்ணாந்து பார்த்தால் முந்தி பனை தெரியும், இப்போது மின்சாரக் காற்றாடி தெரியும். அவ்வளவுதான் எங்கள் உயரம். முசலிக் கரையில் பிறந்த எங்களுக்கு மலை என்றால் குதிரைமலை. மறிச்சுக்கட்டிக்குத் தெற்கே, ஆற்றைக் கடந்து காட்டுக்குள்ளால் நடந்தால், கடலோரத்தில் செம்மண் திட்டாக நிற்கும். சின்ன வயதில் வாப்பா தன் கூட்டாளிகளோடு என்னையும் ஒருமுறை அங்கே கூட்டிக்கொண்டு போனார். மணலில் நடந்து நடந்து கால் வெந்துபோய், கடைசியில் எல்லாரும் ஓரிடத்தில் உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தார்கள். நானும் நாலு கவளம் தின்றுவிட்டு, "மலை எங்க வாப்பா?" என்று கேட்டேன். சிரித்ததில் ஒருவருக்குப் புரைக்கேறிவிட்டது. "நீ குந்தியிருக்கிறதுதானடா மலை!" அன்றிலிருந்து ஊரில் எனக்கு 'மலையெங்க' என்று பட்டம். "மலையெங்க வாறான், கதிரை போடுங்கோ" என்பார்கள். ஊர் கலைந்துபோன பிறகுதான் அந்தப் பட்டமும் என்னை விட்டது.

மச்சான் அனுப்பிய பலகைகளில் மணித்தியாலம் போட்டிருக்கிறது என்றேன் அல்லவா? எங்கள் ஆட்கள் தூரத்தைப் பீடியில் அளந்தவர்கள். ஒரு பீடித் தூரம், இரண்டு பீடித் தூரம். மச்சான் அதில் பெரிய விண்ணன். பற்றவைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினால், பீடி முடிகிற இடத்தில் அவர் சொன்ன வீடு இருக்கும். பிறகு புத்தளத்தில் இருந்த காலத்தில், நெஞ்சு நோகிறது என்று போக, டொக்டர் பீடியை நிறுத்திவிட்டார். அதோடு மச்சானின் தூரக் கணக்கும் போயிற்று. எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "கிட்டத்தான்." ராத்தா சொல்லுவா, "டொக்டர் பீடிய நிப்பாட்டினார். இவர் அளவுகோலை நிப்பாட்டிட்டார்."

புத்தளத்தில் இருந்த காலம் என்று லேசாகச் சொல்லிவிட்டேன். சண்டைக் காலத்தில் எங்கள் சனம் முழுவதையும் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, கையில் பிடித்ததைக் கொண்டு முசலியை விட்டு வெளிக்கிட்டது என் பன்னிரண்டாம் வயதில். அப்போது ராத்தா கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வாப்பா அவவுக்குச் சீதனமாகக் கொடுத்த வளவில் வீட்டுக் கூரை புதுக் கிடுகு மணத்தோடு இருந்தது. பிறகு இருபது வருடம் புத்தளப் பக்கத்தில், முதலில் ஓலைக் கொட்டில், பிறகு சீமெந்துக் கல் வீடு. வாப்பாவும் உம்மாவும் அங்கேயே மவுத்தாகி அங்கேயே அடக்கமானார்கள். சண்டை முடிந்து திரும்பி வரலாம் என்றபோது, வா என்றவர்களும் உண்டு, வந்து எங்கே இருக்கப் போகிறாய் என்று கேட்டவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். எங்கள் ஊரைக் காடு விழுங்கியிருந்தது.

ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அங்கே இப்போது இருக்கிறவர்களுக்குக் கரைச்சல். ஏனென்று போகப் போக விளங்கும். மறிச்சுக்கட்டியிலிருந்து ஆற்றோரமாக மேலே போனால் வரும். ஒரே வரிசையில், ஆற்றுக்குச் சமாந்தரமாகப் பத்துப் பதினைந்து வளவு. வரிசையின் தொடக்கத்தில் ஒரு பாலை மரம், அதன் கீழே மம்மலிக் காக்காவின் கடையும் கடைக் கிணறும். அதற்கு அடுத்தடுத்து வளவுகள். கடைசிக்கு முதல் வளவு கதீசா மாமியுடையது, கடைசி வளவு ராத்தாவுடையது. அதற்கு அப்பால் பழைய காலத்திலும் காடுதான்.

அரசாங்கத்தின் காணிக் கந்தோரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: இன்ன நாள் காலையில் ஜீப்பில் வருவோம். அவரவர் தன் தன் பழைய வளவில், கிணற்றடியில் நிற்க வேண்டும். நிற்கிறவருக்கு அந்த வளவு. ஆள் நிற்காத இடம் காட்டோடு சேரும். வீடு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. கிணறுகள் மட்டும் பற்றைக்குள் வாயைத் திறந்தபடி கிடந்தன. ஆகவே கிணறுதான் சாட்சி. அந்தக் காலையை விட்டால் ராத்தாவுக்கு அந்த வளவு இல்லை. புத்தளத்து வீட்டை விற்றுவிட்டு வந்தவ. திரும்பிப் போகவும் இடமில்லை.

எல்லாரும் வீதியால் ஒரு லொறியில் போனார்கள். எங்களையும் ஏறச் சொன்னார்கள். மச்சான் ஏறவிடவில்லை. "லொறி காட்டச் சுத்திப் போகும். ஆத்தோரத்தால போனா கிட்டத்தான். நாங்க அங்க போய் நிண்டு லொறிக்குக் கை காட்டுவம்." நானும் ராத்தாவும் அவருக்குப் பின்னால் போனோம். இன்றைக்கும் அந்த லொறியின் பின்பலகை என் கண்ணில் நிற்கிறது. ஏறிப் பிடிக்கச் சங்கிலிகூட இருந்தது.

பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு தறப்பாள் கொட்டில். ஒரு பெண் அடுப்பூதிக்கொண்டிருந்தா. மச்சான் வழி கேட்டார். அவ புகைக்குள்ளிருந்து எழும்பி, கையை நீட்டி, சொல்லத் தொடங்கினா: "ஆத்தில இறங்கி நேரா போங்கோ. தோணித்துறை வரும். அதில நிக்காம, ஓட்டுப் பள்ளிக்கூடம் தெரியும்தானே, அதுக்கு நேரா வளைஞ்சு, பீச்சக்கைப் பக்கம் விட்டிட்டு சோத்துக்கைப் பக்கம் பிடியுங்கோ. மம்மலிட கடையடியால ஏறினா ஊர்தான்."

தோணித்துறை இல்லை. ஓட்டுப் பள்ளிக்கூடத்தின் ஓடும் இல்லை, சுவரும் இல்லை. மம்மலிக் காக்கா புத்தளத்தில் இரண்டு மாடிக் கடை போட்டு, திரும்பி வருவதில்லை என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியும். மச்சானுக்கும் தெரியும். ஆனாலும் மச்சான் தலையை ஆட்டி ஆட்டி, "ஆ, பள்ளிக்கூடத்தடி! ஓம் ஓம், விளங்கீட்டுது" என்று மிகத் திருப்தியாக நடக்கத் தொடங்கினார். திரும்பி வந்த அந்த வருடத்தில் எங்கள் சனம் வழி சொன்னது முழுக்க இப்படித்தான். இல்லாததை வைத்து இருக்கிறதைக் காட்டுவார்கள். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அது தெளிவாகத் தெரியும். நடுவில் நிற்கிற என்னைப் போன்றவனுக்கு உடைமுள் மட்டும்தான் தெரியும்.

எங்களுக்கும் பாதையில் பெயின்ற் அடித்துத் தந்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கரையோரம் நெடுக, முழங்கால் உயரக் கட்டைகள், முனையில் சிவப்பு. அதற்கு அந்தப் பக்கம் மிதிவெடி இன்னும் எடுக்கவில்லை என்று அர்த்தம். ஆகவே ஆற்று மணலுக்குள்ளாலேயே ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். "நான் முன்னுக்குப் போறன்" என்றார் மச்சான், மார்பை நிமிர்த்தி.

"போங்கோ போங்கோ," என்றா ராத்தா. "ஏதும் எண்டா எங்களுக்குச் சத்தம் கேக்கும்தானே."

ஆறு வற்றியிருந்த காலம். மருத மரங்கள் இரு கரையிலும் வேரை வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. பாலைப்பழம் உதிர்கிற பருவம். மணலில் மஞ்சள் மஞ்சளாகக் கிடந்ததை ராத்தா முந்தானையில் பொறுக்கிக்கொண்டே வந்தா. தின்றால் உதடு ஒட்டும். நானும் தின்றேன், ஒட்டியது. அந்த ஒட்டலில் எனக்கு ஏழு வயது, எட்டு வயது எல்லாம் திரும்பி வந்துபோனது. கொஞ்சத் தூரம் போக, கரடி போட்டுவிட்டுப் போன குவியல், முழுக்கப் பாலை விதை. மச்சான் குனிந்து பார்த்து, "இது பழசு" என்றார். அதில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

ஓரிடத்தில் ஆறு இரண்டாகப் பிரிந்தது. மச்சான் நின்றார். முந்தியென்றால் பீடியை இழுத்துப் பார்த்துச் சொல்லியிருப்பார். இப்போது வெறும் விரலை வாயில் வைத்து எடுத்துவிட்டு, "இதால" என்றார், இடப்பக்கம் காட்டி.

"அந்தப் பொம்பிளை சோத்துக்கைப் பக்கம் எண்டுதானே சொன்னா?" என்றா ராத்தா.

"அது பள்ளிக்கூடத்தடியில. இது பள்ளிக்கூடத்தடி இல்ல."

"பள்ளிக்கூடமே இல்ல. பிறகு எங்க அதின்ர அடி?"

"உனக்கு வெளி ஊரெண்டா விளங்கும், உள்ளூர் விளங்காது. வா."

இடப்பக்கம் போனோம். நெடுநேரம் போனோம். இரண்டு பக்கமும் கரை உயர்ந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரு பாறைக் குழியும் அதில் பச்சைத் தண்ணீரும் நாலு தவளையுமாக வழி முடிந்தது. மச்சான் கொஞ்ச நேரம் தவளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "முந்தி இது இப்பிடி இருக்கேல்ல" என்றார். ஸ்பெயின்காரன் அடிக்கிற புள்ளடி அன்றைக்கு அந்த வாயிலில் இருந்திருந்தால் என்று இப்போது நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. வந்த வழியே திரும்பினோம். ராத்தா ஒன்றும் பேசவில்லை. அவ பேசாவிட்டால் மச்சானுக்குப் பயம். என்னைப் பார்த்து, "கிட்டத்தான்" என்று மெதுவாகச் சொன்னார்.

நாங்கள் கரையேறினபோது லொறிச் சனம் எப்போதோ வந்து, கத்தியால் பற்றை வெட்டி, அவரவர் கிணற்றைக் கண்டுபிடித்து, கிணற்றுக்கொருவராகக் காவல்காரர் மாதிரி நின்றார்கள். வரிசையின் தொடக்கத்தில் ஒரு பெரிய பாலை. அதுதான் மம்மலிக் காக்காவின் பாலை, அடுத்த கிணறு முதல் வீட்டுக்காரருடையது என்று அங்கிருந்து எண்ணிக்கொண்டு போயிருக்கிறார்கள். ராத்தா அந்த மரத்தைக் கண்டதும் நின்றுவிட்டா.

"இது அந்தப் பாலை இல்ல. கடையடிப் பாலை ரெண்டாப் பிரிஞ்ச கவருள்ள மரம். அது இன்னும் உள்ளுக்கு நிக்கோணும்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். வரிசையோடு ஒரு வளவுத் தூரம் தள்ளி, பற்றைக்குள் ஒரு அடிக்கட்டை கிடந்தது. யாரோ எப்போதோ தறித்திருக்கிறார்கள். ஆனால் கட்டையில் கவர் இருந்ததா இல்லையா என்று யார் சத்தியம் செய்வது? அதற்குள் ஜீப்பின் சத்தம் கேட்டது. கதீசா மாமி தன் கிணற்றடியிலிருந்து கை தட்டிக் கூப்பிட்டா: "மகள், ஓடி வா! உன்ர கிணறு இதுக்கு அடுத்தது! வந்து நில்லு!"

ஓடினோம். அடுத்த கிணறு, இலையும் சேறும் மூடிக் கிடந்தது. ராத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் அங்கால போகோணும் போல கிடக்கு" என்றா. அதற்கு அப்பால் வெட்டாத பற்றை. ஆள் நுழைய முடியாது, அதற்குள் சிவப்புக் கட்டை வேறு. மச்சான் கிணற்றுக் கட்டில் ஏறி நின்றுகொண்டார். "கிணறு இருக்கு, நான் நிக்கிறன், நீ நிக்கிறாய். இனி என்ன?"

ஜீப்பிலிருந்து இறங்கிய ஐயா இளம் ஆள், வெயிலில் சிவந்துபோயிருந்தார். "இதுதானே உங்கட கிணறு?" என்று கேட்டார். மச்சான், "ஓம் சேர், நான் வெட்டின கிணறு" என்றார். கிணற்றை வெட்டியது வாப்பா. மச்சான் கல்யாணத்துக்கு முதல் அந்தக் கிணற்றில் ஒரு வாளி அள்ளியதுகூட இல்லை. ஐயா தலையாட்டிவிட்டு, கூட வந்தவர்களிடம் கையை வீசிக் காட்டினார்: "சரி. இதுக்கு அங்கால காடு." அவ்வளவுதான். ராத்தாவுக்கு வளவு கிடைத்துவிட்டது. எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். நானும்தான்.

சில கிழமை கழித்து, மோட்டர் கொண்டுவந்து வரிசையாகக் கிணறு இறைத்தார்கள். சேறு போய், புது ஊற்று வந்து, தெளிய விட்டு, ராத்தா முதல் வாளியை இழுத்து, உள்ளங்கையில் ஏந்தி ஒரு மிடறு வாயில் விட்டா. விழுங்கவில்லை. எங்கள் கரையில் இது எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த வேலை: ஒரு கிணறு உவர், பக்கத்துக் கிணறு நல்ல தண்ணீர், அதற்கடுத்தது தேத்தண்ணிக்கு ஆகும் சோற்றுக்கு ஆகாது. நாக்கில் வைத்தே யாருடைய கிணறு என்று சொல்லிவிடுவார்கள். ராத்தா வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, மிகவும் மெல்ல, "இது கதீசா மாமிட தண்ணி" என்றா.

"தண்ணியில பேர் எழுதியிருக்கா?" என்று மச்சான் பாய்ந்தார். "இருவது வருசத்தில தண்ணியும் மாறும்."

"நீங்க மாறினீங்களா?"

அடுத்த நாள் காலையில் கதீசா மாமி குடத்தோடு வேலியடியில் வந்து நின்றா. "மகள், ஒரு குடம் அள்ளட்டே?" முகத்தை நேரே பார்க்காமல் கேட்டா. "அள்ளுங்கோ மாமி, உங்கட" என்று தொடங்கிய ராத்தா அதோடு நிறுத்திக்கொண்டா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரிக்கத் தொடங்கினார்கள் பாருங்கள், மாமி குடத்தைக் கீழே வைத்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்தே விட்டா. கதீசா மாமியின் வளவில் இருந்த கிணறு அதற்கு முந்தின வீட்டுக்காரருடையது. அந்த வீட்டில் இருந்தது அதற்கு முந்தினவருடையது. வரிசையின் தொடக்கத்தில் முதல் வீட்டுக்காரர் மம்மலிக் காக்காவின் கடைக் கிணற்றடியில் அடுப்பு மூட்டியிருந்தார். முழு ஊரும் பிழையான பாலையிலிருந்து எண்ணி, ஒரு வளவு தள்ளி இறங்கியிருந்தது. சரியான மரத்தைத் தெரிந்த ஒரே ஆள் அன்றைக்கு லொறியில் இல்லை; தவளை பார்த்துக்கொண்டு நின்றா.

நான் இளரத்தம். "கந்தோரில போய்ச் சொல்லுவம்" என்று எழும்பினேன். கதீசா மாமி என் சாரத்தைப் பிடித்து இழுத்து இருத்தினா. "சொல்லி? எல்லாரையும் எழுப்பி ஒரு வளவு தள்ளி இருத்துவாங்கள் எண்டு நினைக்கிறியா? உங்கட காணி எது எண்டே உங்களுக்குத் தெரியாது, நீங்க இந்த ஊர் ஆக்களே இல்ல எண்டு திரும்ப லொறியில ஏத்துவாங்கள். வாயப் பொத்திக்கொண்டு இரு."

ராத்தாவைப் பார்த்தேன். அவவும் தலையாட்டினா. "மாமி சொல்றது சரி. ஒருத்தர் வாய் திறந்தா எல்லாருக்கும் போயிடும்."

எல்லாருக்கும் ஒரு வளவு மாறியது, அவ்வளவுதான். காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போனால் தங்கள் பழைய கிணறு இருக்கும். அப்படித்தான் அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டானது. சுபஹு தொழுதபின் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் படலையைத் திறந்து, தன் வளவுக் கிணற்றைத் திரும்பியும் பார்க்காமல், அடுத்த வளவுக்குள் போய் அள்ளுவார்கள். புதிதாய் வந்த மருமகள்மாருக்கு விளங்காது. ராத்தாவுக்கு மட்டும் போக அடுத்த வளவு இல்லை. அவவுடைய கிணறு காட்டு எல்லைக் கோட்டுக்கு அங்கால். வீட்டு முற்றத்தில் நின்றால் அதனடி நாவல் மரத்தின் தலை தெரியும்.

அவ விட்டுவிடுகிற ஆளா? மிதிவெடி எடுத்து முடிந்தபிறகு, பின்பக்கத்தால் ஆற்றுக்குள் இறங்கி, மணலில் நடந்து, மருத வேரைப் பிடித்துக் கரையேறி, போய் ஒரு குடம் கொண்டுவருவா. நாள்தோறும் ஒரு ஆள் நடந்தால் பாதை தானே உண்டாகும். ஒரு செருப்பு அகலத்தில் வளைந்து வளைந்து நல்ல பாதையாகவே இருந்தது. மன்னாரில் கடை போட்டிருந்த நான் அங்கிருந்து போகிற நாட்களில் குடத்தை வாங்கிக்கொண்டு கூட நடப்பேன். மச்சான் ஒருநாளும் வந்ததில்லை. கிணறென்றால் கிணறுதானே, வீட்டில் ஒன்று இருக்கும்போது காட்டுக்குள் ஏன் நடக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஒரு குடம் தண்ணீருக்கு நடக்க மாட்டேன் என்ற அந்த மனிதர்தான் இன்றைக்கு மருமகனின் சப்பாத்தை மாட்டிக்கொண்டு மலை மலையாய் ஏறுகிறார்!

பிறகு ஒரு நாள் கோட்டில், காட்டுக்குள் போகத் தடை என்று பலகை நட்டார்கள். அதன்பின் யானைக்கு மின்வேலி. கரையில் காவலுக்கு நின்ற பையன் ராத்தாவை மறித்து, எங்கே போறீங்கள் என்று கேட்டிருக்கிறான். என் கிணற்றுக்கு என்று சொன்னால் ஊர் முழுக்க அவிழும். ஆகவே, "விறகுக்கு மகன்" என்றாவாம். விறகுக்குத்தான் முதல் தடை. அவன் பலகையைத் தட்டிக் காட்டி, நல்ல மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டான். தன் வளவுக்குப் போகிற மனுசி, களவுக்கு வந்தவ மாதிரி வெறுங்குடத்தோடு திரும்பி வந்தா. எனக்கு இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது அங்கே குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. காலையில் பக்கத்து வளவுக்கு யாரும் போவதில்லை. கதீசா மாமி மவுத்தாகி, மகன்மார் அந்தக் கிணற்றின் மேல் கொங்கிறீற் போட்டு முச்சக்கரவண்டி விடுகிறார்கள். போன மாதம் நான் ஆற்றுக்குள் இறங்கிப் பார்த்தேன். ராத்தா நடந்த பாதையில் ஒரு கால் வைக்க இடமில்லை, உடைமுள் மூடிவிட்டது. வேலிக்கு அங்கால் நாவல் மரத்தையும் காணவில்லை. யானை தள்ளியதோ, காற்று தள்ளியதோ. கரை நெடுக நின்று எல்லாரையும் ஏசினேன். மச்சானை ஏசினேன், அந்த லொறியை ஏசினேன், வெயிலில் சிவந்த அந்த ஐயாவை, யானையை, பாலையைத் தறித்தவனை.

ஏசிக் களைத்து வந்து முற்றத்துக் கதிரையில் விழுந்தேன். ராத்தா ஒரு கோப்பையில் தண்ணீர் தந்தா. குடித்துக்கொண்டே கேட்டேன்: "உங்கட கிணத்துத் தண்ணி எப்பிடி இருக்கும் ராத்தா? நான் மறந்திட்டன்."

"நல்லா இருக்கும்."

"நல்லா எண்டா?"

அவ நாக்கை ஒருமுறை மேல்வாயில் தட்டிப் பார்த்தா. "தெரியேல்லடா," என்றா. "குழாய்த் தண்ணி குடிச்சுக் குடிச்சு, இப்ப எல்லாத் தண்ணியும் எனக்கு ஒண்டுதான்."

அதைச் சொன்னபோது அவவுக்குக் கவலை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. வெற்றுக் கோப்பையை வாங்கிக்கொண்டு, கோழிகளை அதட்டியபடி குசினிக்குப் போய்விட்டா. நான் ஏசுவதற்கு ஆளைத் தேடிக்கொண்டு அதிலேயே இருந்தேன்.